ஊற்றுக்கண்ணைத் தேடுகிறவரின் வாழ்நாள்: இரத்தம் கொடுத்தவருக்கு என்ன மிச்சம்?

பாலாற்றங்கரை (குடியாத்தம்) | ஞாயிறு, காலை 9.40

என் தங்கை மகள் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்துவிட்டு, மக்கள் கூட்டங்களின் மரபணுத் தோற்றத்தை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் வாங்கியிருக்கிறாள். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். "ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுத்து, யார் யாருக்குப் பங்காளி என்று கண்டுபிடிப்பதற்கு ஓர் ஆயுளைக் கொடுக்க வேண்டுமா?" என்று அவள் அப்பா கேட்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், கொடுக்கலாம் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரே ஒருவரின் வாழ்க்கையை இங்கே வைக்கிறேன்.

லூய்கி லூகா கவாலி-ஸ்போர்சா 1922இல் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், முதலில் பாக்டீரியாக்களின் மரபியலில் பெயர் பெற்றவர். கேம்பிரிட்ஜில் ஆர். ஏ. பிஷரிடம் புள்ளியியலின் வலிமையைக் கண்டபின் மனிதரிடம் திரும்பினார். பார்மா பள்ளத்தாக்கில் அவர் செய்த வேலையைத்தான் நான் வகுப்பில் விரும்பிச் சொல்வேன். அந்தோனியோ மொரோனி என்ற பாதிரியார் அவருடைய மாணவர். அவர் வழியாகத் தேவாலயங்களின் பழைய திருமணப் பதிவேடுகள் கிடைத்தன. நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபை வழங்கிய அனுமதிகள் உட்பட எல்லாம் அவற்றில் இருந்தன. அந்த ஊர்களிலேயே இரத்தம் பெற்று இரத்த வகைகளையும் பார்த்தார்கள். மலை மேலுள்ள சிற்றூர்களில் ஊருக்கு ஊர் விகிதம் வெகுவாக மாறியது. கீழே, ஆள் பெருகிய சமவெளி ஊர்களில் அவ்வளவு மாறவில்லை. கூட்டம் சிறிதானால், இயற்கைத் தேர்வு எதுவும் இல்லாமல் வெறும் தற்செயலாலேயே மரபணு விகிதங்கள் ஏறி இறங்கும் என்று ஏட்டில் இருந்த கணக்கு, மனிதரிடத்தில் கண்கூடாக நிறுவப்பட்டது அங்கேதான்.

பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மெனோட்சி, பியாட்சா ஆகிய இருவரோடு சேர்ந்து உலக மக்களின் மரபணு வரைபடத்தைப் பெருநூலாக 1994இல் வெளியிட்டார். இனம் என்று நாம் பிரித்துப் பேசுவதற்கு மரபணுவில் உறுதியான எல்லைக்கோடு கிடையாது என்பதே அந்த உழைப்பின் விளைவு. அறிவுத்திறனை இனத்தோடு முடிச்சுப் போட்ட இயற்பியலாளர் வில்லியம் ஷாக்லியின் கூற்றுகளை அவர் 1970களிலேயே எதிர்த்து வாதாடியவர்.

நம் வட ஆர்க்காடும் இந்தத் துறையில் பெயர் பெற்ற மாவட்டம்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970களில், சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் குடும்பங்களைப் பற்றி இங்குள்ள கிராமங்களிலும் நகரத்திலும் செய்த கணக்கெடுப்பு, இன்றும் உலகில் எடுத்துக் காட்டப்படுகிறது. நானே என் அக்காள் மகளை மணந்தவன். ஆகையால் அந்தக் கட்டுரைகளைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு படித்திருக்கிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். தங்கை மகளும் இதைப் படிப்பாள்.

---

புதூர்நாட்டான் | ஞாயிறு, பகல் 12.15

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மறுப்பு இருக்கிறது. அது சற்று நீளமானது.

நீங்கள் ஆய்வாளரின் பக்கமிருந்து வாழ்க்கையைச் சொன்னீர்கள். நான் கையை நீட்டியவனின் பக்கமிருந்து சொல்கிறேன். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் மலைக்கு ஒரு வண்டி வந்தது. இரத்தசோகைப் பரிசோதனை என்றார்கள். ஆளுக்கு ஒரு குழாய் இரத்தம் எடுத்தார்கள், வாழைப்பழமும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தார்கள். யாருக்கு இரத்தசோகை, யாருக்கு இல்லை என்று இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டும் வந்து சேரவில்லை. அந்தக் குழாய்கள் எங்கே போயின, இன்னும் எந்த உறைபெட்டியிலாவது இருக்கின்றனவா என்று எங்களில் எவருக்கும் தெரியாது. வந்தவர்கள் யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர்கள் தனி ரகம் அல்ல என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர், நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி 1990களில் இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தத்தை மனச்சிதைவு நோய், உள்மணம், ஆதி இடப்பெயர்ச்சி ஆகியவற்றை ஆராயவும் பயன்படுத்தியது பிறகு தெரிய வந்தது. தாங்கள் வாழும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர்களுடைய இரத்தத்தை வைத்தே ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதப்பட்டது. வழக்கு நடந்து, 2010இல் ஏழு இலட்சம் டாலர் இழப்பீட்டோடு மாதிரிகளும் திரும்பி வந்தன. பாப்புவா நியூ கினியின் ஹகஹாய் மனிதர் ஒருவருடைய இரத்தத்திலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த உயிரணு வரிசைக்கு அமெரிக்க அரசு நிறுவனமே 1995இல் காப்புரிமை பெற்றது, எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே கைவிட்டது.

ஐயா போற்றும் கவாலி-ஸ்போர்சாவும் அவர் தோழர்களும் 1991இல் முன்வைத்த மனித மரபணுப் பன்மைத் திட்டத்துக்குப் பழங்குடி அமைப்புகள் வைத்த பெயர் "இரத்தக் காட்டேரித் திட்டம்". அவர் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று நான் சொல்லவில்லை. அழிந்துவிடப் போகும் கூட்டங்களின் இரத்தத்தையாவது சேமித்து வைப்போம் என்பது அந்தத் திட்டத்தின் நியாயங்களில் ஒன்று. எங்கள் இரத்தம் பிழைத்தால் போதும், நாங்கள் பிழைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அது எங்கள் காதில் விழும். அந்த வித்தியாசம் ஒரு பேராசிரியருக்குத் தோன்றாமல் போனதுதான் என் குறை.

---

நுண்ணோக்கி (வேலூர்) | ஞாயிறு, மாலை 6.05

நான் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். புதூர்நாட்டாரின் கோபம் நியாயமானது. ஆனால் "தோற்ற ஆராய்ச்சியால் நோயாளிக்கு ஒன்றுமில்லை" என்ற முடிவுக்கு அது போகுமானால், அங்கே நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்த சக்சினில்கோலின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதே மருந்தால் மணிக்கணக்கில் தசை அசையாது. செயற்கைச் சுவாசத்தை எடுத்துவிட்டால் ஆபத்து. ஆரிய வைசியர்களிடையே இந்தக் குறை மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம் என்பது மயக்க மருத்துவர்கள் அறிந்த செய்தி. அது ஏன் என்ற கேள்விக்கு விடை சொன்னது, நீங்கள் பயனற்றது என்று கருதும் தோற்ற ஆராய்ச்சிதான். ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கும் தங்கராஜும், அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 25 கூட்டங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். வடக்கு, தெற்கு என்ற இரண்டு பழைய மூதாதை ஊற்றுகள் வெவ்வேறு அளவில் கலந்தே நம்மில் பெரும்பாலோர் உருவானோம் என்ற செய்திதான் நாளிதழ்களில் வந்தது. ஆனால் அதே கட்டுரையின் மற்றொரு செய்தி எனக்கு முக்கியமானது: பல கூட்டங்கள் மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகி, பிறகு பல பத்துத் தலைமுறையாக வெளியில் அதிகம் கலவாமலேயே இருந்திருக்கின்றன. அந்தச் சில மூதாதையரில் ஒருவரிடம் இருந்த பழுது இன்று ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கும்.

2017இல் அதே குழுவினர் 263 தெற்காசியக் கூட்டங்களைப் பார்த்தபோது, அவற்றில் 81 கூட்டங்களில் இந்த நெருக்கம் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விட அதிகமாக இருந்தது. பத்து இலட்சம் பேருக்கு மேல் உள்ள கூட்டங்களும் அவற்றில் உண்டு. யூதர்கள் இதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குழந்தையின் நரம்பு மண்டலத்தை அழிக்கும் டே-சாக்ஸ் நோய்க்கு 1970களில் பரிசோதனை தொடங்கினார்கள். அவர்களிடையே அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. இங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால், பல குடும்பங்கள் மூன்றாவது குழந்தையையும் இழந்த பிறகு எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டியிராது.

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு திருத்தம். சுந்தர் ராவ், இன்பராஜ் ஆய்வை வைத்துச் சொந்தத்தில் மணப்பது பாதிப்பற்றது என்று பலர் பேசுகிறார்கள். அந்த முடிவுக்கு அந்த ஆய்வு போதாது. நீங்களும் அதை நோக்கித்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

---

கோட்டை அகழி | ஞாயிறு, இரவு 8.50

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். இந்த மண்ணில் யார் முதலில் வந்தவர், யார் பின்னால் வந்தேறியவர் என்பதை மரபணு தெளிவாகச் சொல்லிவிடும். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்து இளைஞர்தான் முதல் இந்தியர் என்று கண்டுபிடிக்கவில்லையா? அதுபோல வட ஆர்க்காட்டின் ஒவ்வொரு சாதிக்கும் பார்த்துப் பட்டியல் போட்டால், வரலாற்றுச் சண்டைகள் எல்லாம் தீர்ந்துவிடும். அந்தப் பெண் அதைச் செய்யட்டும்.

---

பாலாற்றங்கரை | திங்கள், காலை 7.10

அகழி நண்பரே, அவள் அதைச் செய்வதாக இருந்தால் நானே போய் அந்த இடத்தை இரத்து செய்துவிட்டு வருவேன்.

மதுரைச் செய்தியை முழுமையாகச் சொல்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் நோயெதிர்ப்பியலில் இருந்து இந்தத் துறைக்கு வந்தவர். 2005இல் ஸ்பென்சர் வெல்ஸ் தலைமையில் தொடங்கிய உலகளாவிய மரபணுப் பயணத் திட்டத்தில் இந்திய மையத்தின் பொறுப்பாளராகவும் இருந்தார். அந்தத் திட்டத்துக்கு முன்பே, எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதிப் பயணத்தின் தடமாக அது கருதப்பட்டது. இதிலிருந்து "முதல் இந்தியர்" என்று செய்தி கிளம்பிவிட்டது. ஒய் குரோமோசோம் என்பது அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஒரே கயிற்றில் இறங்கி வருவது. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. அந்தக் கயிறு அவற்றில் ஒன்றை மட்டும் தொடும். அந்த இளைஞரின் பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆதிப் பயணிகளுக்கு வேறு ஆயிரம் வழிகளில் பேரனாக இருக்கலாம். ஆக, கயிறுதான் பழையது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நம்மைப்போல இந்தக் காலத்தவர்.

அதே பிச்சப்பன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டின் 31 கூட்டங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் ஒப்பிடப்பட்டன. கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு பிழைப்பு முறையோடு, அதாவது மலையில் வேட்டையும் சேகரிப்பும், சமவெளியில் உழவும் என்பதோடு ஒட்டிப் போகிறது என்றும், அது சாதி அமைப்புக்கு முந்தியது என்றும் முடிவு சொன்னார்கள். உயர்வு தாழ்வு பேசுபவர்களுக்கு அதில் பிடிமானம் ஏதும் இல்லை.

சகோதரி நுண்ணோக்கிக்கு: அக்காள் மகளை மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு மரபிடங்களில் இரு புறமும் ஒரே மூதாதையின் படியே அமையும், மாமன் மகளானால் பதினாறில் ஒரு பங்கு. இது எனக்குத் தெரியாதது அல்ல. பல நூறு ஆண்டுகளாக இப்படி மணந்து வந்த தென்னிந்தியாவில், கொடிய ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தருபவை) குழந்தை இறப்புகளின் வழியே ஏற்கெனவே சலித்து வெளியேறியிருக்கும் என்று எல். டி. சங்வி 1966இல் ஊகித்தார். வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் சொந்தத் திருமணம் பாதியை நெருங்கி இருந்த காலத்திலும், குழந்தைப்பேற்றிலும் இறப்பிலும் எதிர்பார்த்த அளவு வேறுபாடு தெரியவில்லை என்று ராவும் இன்பராஜும் காட்டினார்கள். என் இரண்டு பிள்ளைகளும் நலம். அதை ஆதாரமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

---

நுண்ணோக்கி | திங்கள், பகல் 1.30

பிள்ளைகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி ஐயா. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நடந்த நாளில் பேதிக்கும் நிமோனியாவுக்கும் எத்தனையோ குழந்தைகள் இறந்தன. அந்தப் பெருவெள்ளத்தில் மரபணு நோயால் நேரும் சில இறப்புகள் தனியே கண்ணுக்குப் படாது. தொற்று குறையக் குறைய, அடியில் கிடந்த கல் வெளியே தெரிகிறது.  இன்னொன்று: சொந்தத்தில் மணப்பது வேறு, கூட்டமே சிறு மூதாதையரிடமிருந்து வந்தது வேறு. தூரத்து ஊரில் பெண் எடுத்தாலும், அதே கூட்டத்துக்குள் எடுத்தால் இரண்டாவது விளைவு அப்படியே இருக்கும். "நாங்கள்தான் சொந்தத்தில் செய்யவில்லையே" என்று சொல்லும் பெற்றோரிடம் இதை விளக்குவதுதான் எனக்கு மிகவும் கடினமான வேலை.

---

இலவம்பாடிக்காரன் (அணைக்கட்டு) | திங்கள், இரவு 9.20

நான் வேளாண்மை படித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவன். மனித மரபணுவைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, கத்தரியைப் பற்றித் தெரியும். எங்கள் ஊர் முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குச் சட்டத்தில் ஒரு முகவரி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்த விதையை ஆராய்ச்சிக்காக எடுக்க வேண்டுமானால் சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும்; பயன் கிடைத்தால் பங்கு தர வேண்டும். உயிரியல் வளம் என்றால் தாவரம், விலங்கு, நுண்ணுயிர் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, மனித மரபுப்பொருள் இதில் சேராது என்று அதே சட்டம் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. ஆக, என் தோட்டத்துக் கத்தரிக்காக ஒருவர் சட்டப்படி பங்கு கேட்கலாம். மலையில் புதூர்நாட்டாரின் இரத்தத்துக்காகக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. மனிதரைக் காய்கறியோடு சேர்க்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் அந்த விலக்குக்குக் காரணமாக இருக்கலாம். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் மனித மாதிரிகளுக்கு உண்டு. இருந்தாலும் நெறிமுறை நெறிமுறைதான், சட்டம் ஆகாது.

பயிர்களிலும் ஊற்றுக்கண் தேடியவர்கள் உண்டு. ரஷ்யாவின் நிக்கோலாய் வாவிலோவ் பயிர்களின் பிறப்பிட மையங்களை 1926இல் வகுத்துச் சொன்னார். ஐந்து கண்டங்களில் விதை சேகரித்தவர், ஸ்டாலின் காலத்துச் சரத்தோவ் சிறையில் 1943இல் பட்டினியால் செத்தார். அவர் சேகரித்த விதைகள் கிடங்கில் உயிரோடு இருந்ததால்தான், ஓர் ஊரில் அழிந்த இரகத்தை அங்கேயே திருப்பி விதைக்க முடிகிறது. எங்கள் தாலுகாவுக்கு மேற்கே பையம்பள்ளியில் தொல்லியல் துறையினர் 1960களில் தோண்டியபோது புதிய கற்காலத்து மண்ணில் கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. அந்தக் கொள்ளு இன்றும் எங்கள் மானாவாரிக் காட்டில் விளைகிறது. கொடுத்தவரிடமே திரும்பி வரக்கூடியது விதை. இரத்தத்தில் திரும்பி வரக்கூடியது எது என்று அந்தப் பெண் முதலில் யோசிக்கட்டும். கேரளத்துக் காணிகளிடம் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைப் பற்றி அறிந்த திருவனந்தபுரத்துத் தாவரவியல் நிறுவனம், அதிலிருந்து செய்த மருந்தின் உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கே கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் பிறகு பல குறைகள் பேசப்பட்டன. இருந்தாலும் 1990களிலேயே ஒருவருக்கு அந்த எண்ணம் தோன்றியது.

---

புதூர்நாட்டான் | செவ்வாய், காலை 6.45

இலவம்பாடியார் சொன்ன சட்ட விளக்கம் எனக்கே புதிது, நன்றி. இப்போது அறிவியலின் பக்கமே வருகிறேன், ஏனென்றால் ஆசிரியர் ஐயா அந்தப் பக்கத்தைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்திருக்கிறார்.

கவாலி-ஸ்போர்சாவின் புகழ்பெற்ற வரைபடங்களில் அலை அலையாகத் தெரிந்த நிறங்களை அவர் மக்கள் பெயர்ச்சி என்று வாசித்தார். எந்தப் பெரிய இடப்பெயர்ச்சியும் இல்லாமல் அக்கம்பக்கத்தாரோடு மட்டும் கலந்தாலே அவர் பயன்படுத்திய கணித முறை அப்படிப்பட்ட அலைகளைக் காட்டிவிடும் என்று நோவெம்பிரும் ஸ்டீபன்சும் 2008இல் காட்டினார்கள். பழைய எலும்புகளின் மரபணு வந்த பிறகு இன்னும் மாறியது. ராகிகடி எலும்புக்கூட்டின் மரபணு 2019இல் வெளியானதும், ஈரானிய உழவர்கள் பெயர்ந்து வந்தே சிந்துவெளிக்கு உழவைக் கொண்டு வந்தார்கள் என்ற பழைய கருத்தும் ஆட்டம் கண்டது. உயிரோடிருப்பவர்களின் இரத்தத்தை வைத்து ஒரு வாழ்நாள் கட்டிய கதையை, செத்தவர்களின் எலும்பு திருத்துகிறது. அறிவியலில் அது இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை திருத்தப்படும்போது, அந்தக் கதையால் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்க்கையும் சேர்ந்து திருந்துவதில்லை.

எங்கள் கதையையே சொல்கிறேன். ஆங்கிலேயர் காலத்து வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவானது இது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். அவர்கள் இகழ்ந்து மறுக்கவே, ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டே போனார்கள். பாலாற்றில் வெள்ளம். (பாலாற்றில் வெள்ளமா என்று வேலூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம், 2021 நவம்பரை நினைத்துக் கொள்ளுங்கள்.) நீந்திய நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களை வென்று ஊருக்கு வந்த ஏழு பேரும் தங்கள் மனைவிமார் தாலி அறுத்திருக்கக் கண்டார்கள். ஊரில் அவர்களுக்கு இடமில்லை. வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினார்கள். மலையை ஆள்வதால் மலையாளி. கேரளத்துக்காரர் என்று நினைத்து எங்களிடம் மலையாளத்தில் பேசியவர்களும் உண்டு.

இந்தக் கதையை ஒரு மரபியலாளர் எப்படிப் பார்ப்பார்? அப்பன் வழியில் காஞ்சிபுரம், அம்மா வழியில் கங்குந்தி. ஒய் குரோமோசோமையும் தாய்வழி இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் பார்த்தால் முடிந்தது என்பார். பார்த்து, கதை மெய் என்று வந்தால் "நீங்கள் வேளாளர், பழங்குடி அல்ல" என்று ஒருவர் கிளம்புவார். பொய் என்று வந்தால் எங்கள் தாத்தாக்கள் பொய்யர் ஆவார்கள். இரண்டில் எது வந்தாலும் இழப்பு எங்களுக்கு, கட்டுரை உங்களுக்கு.

---

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 8.00

தம்பி, இன்று பகல் முழுவதும் உங்கள் ஏழு நாய்கள்தான் நினைவில் ஓடின. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். வரைபட அலைகளைப் பற்றிய விமர்சனம் சரி. அவருடைய வாழ்நாளின் மையமான கருத்துகளில், உழவோடு உழவரும் ஐரோப்பாவுக்குள் நகர்ந்தார்கள் என்பதைப் பழைய எலும்புகள் உறுதிப்படுத்தின. மற்றவற்றில் சில விழுந்தன.

ஆனால் உங்கள் அச்சத்தில் ஒரு பாதி, மரபியலை நீங்கள் அளவுக்கு மீறி நம்புவதிலிருந்து வருகிறது. அந்தக் கதை நடந்தது 12ஆம் நூற்றாண்டு என்று வழக்கு. முப்பது ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால் முப்பது தலைமுறை. ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 107 கோடி. அத்தனை மனிதர்கள் அன்று உலகத்திலேயே இல்லை. ஆக, ஒரே ஆட்கள் பல இடங்களில் வருவார்கள், காஞ்சிபுரத்தாரும் கங்குந்தியாரும் பலமுறை கலந்தே வருவார்கள். அதற்கும் மேலாக, அன்று அக்கம்பக்கத்தில் வாழ்ந்த அந்த இரு சாராரின் ஒய் வகைகளும் பெரும்பாலும் பொதுவாகவே இருந்திருக்கும். ஒரு வகையைப் பார்த்து இது வேளாளர், இது வேடர் என்று எந்த நேர்மையான மரபியலாளராலும் சொல்ல முடியாது. கதை மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் தகுதி அந்தக் குழாய்க்கு இல்லை.

பழங்குடித் தகுதியும் அப்படித்தான். 1965இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் பண்பாடு, தனித்து வாழ்தல், பின்தங்கிய நிலை போன்றவை. மரபணு அவற்றில் இல்லை. அட்டவணையில் மலையாளிகளைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டம் சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

---

புதூர்நாட்டான் | செவ்வாய், இரவு 10.25

அந்த அட்டவணையை நீங்கள் எடுத்துக் காட்டியது எனக்கே சாதகம் ஐயா. வட ஆர்க்காடு என்ற மாவட்டம் 1989இல் பிரிந்து, பெயர் மாறி, 2019இல் மறுபடியும் மூன்றாகி, இன்று வரைபடத்திலேயே இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் சான்றிதழ் நிற்கிறது. கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்து ஈரோட்டுக்குப் போன பர்கூர் மலையாளிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்று பல்லாண்டு போராடி வந்திருக்கிறார்கள். ஒரு மாவட்டக் கோட்டை வைத்தே இவ்வளவு செய்ய முடிகிறவர்கள் கையில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு மரபணு அட்டவணை கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் என் அச்சம். நேர்மையான மரபியலாளர் சொல்ல மாட்டார், சரி. அகழி நண்பர் சொல்வாரே. முந்தாநாள் இங்கேயே சொன்னாரே.

நுண்ணோக்கி அம்மாவின் பதிவுதான் என்னைக் கொஞ்சம் அசைத்தது. எங்கள் மலையில் இரண்டு வீடுகளில் நடை பழகிய பிள்ளைகள் மெல்ல மெல்லப் படுத்த படுக்கையானதைப் பார்த்திருக்கிறேன். சாமி குற்றம் என்றார்கள். அது என்ன நோய் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த இரத்த வண்டியில் வந்திருந்தால், நான் இன்று இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

---

நுண்ணோக்கி | புதன், காலை 7.35

அந்த இரண்டு வீடுகளும் ஒரே வழித்தோன்றலா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் வயது, முதலில் கால் தளர்ந்ததா கை தளர்ந்ததா, ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமா என்பதையும் எழுதி வையுங்கள். பொதுவெளியில் வேண்டாம், எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். மரபியல் ஆலோசனைக்கு எங்கே எப்போது வர வேண்டும் என்று சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. அறிவியல் உலகம் "தமிழர்" என்று வைத்து ஒப்பிட்டு வந்த மாதிரிகள் எவை என்று தெரியுமா? ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் இருப்பவை பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரிடம் பெற்றவை. கவாலி-ஸ்போர்சாவின் கனவிலிருந்து 2002இல் உருவான மாதிரித் தொகுப்பில் பாகிஸ்தானின் கூட்டங்கள் உண்டு, இந்தியாவிலிருந்து ஒன்றும் இல்லை. நம் நாட்டின் பத்தாயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 83 கூட்டங்களின் தரவுகளை 2025இல்தான் வெளியிட்டது. ஒரு குழந்தையின் மரபணுவில் புதிய மாற்றம் ஒன்றைக் கண்டால் அது நோயா, அல்லது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் உள்ளதா என்று ஒப்பிட, அந்தக் கூட்டத்து மாதிரி வேண்டும். புதூர்நாட்டில் எவரும் கொடுக்கவில்லையென்றால் புதூர்நாட்டுக் குழந்தைக்கு ஒப்பிட ஆள் இல்லை.

---

பாலாற்றங்கரை | புதன், இரவு 9.15

தங்கை மகள் அனைத்தையும் படித்துவிட்டாள். அவள் அப்பாவும் படித்தார். அவர் புதூர்நாட்டாரின் கட்சி. அவள் சேரப் போகிறாள், ஆனால் ஒன்று கேட்கச் சொன்னாள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒரு நடத்தை நெறியை எழுதிக் கொடுத்தார்களாம்: மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை, முறையான அனுமதி. அதுபோல இசைவுப் படிவத்தை ஆய்வுக்கூடம் எழுதாமல் மலையில் உள்ளவர்களே எழுதினால் எப்படி இருக்கும் என்கிறாள். புதூர்நாட்டார் எழுதித் தருவாரா?

---

புதூர்நாட்டான் | வியாழன், காலை 6.20

நான் ஒருவன் எழுதினால் அது ஊர் எழுதியதாகாது. பெரியவர்கள் கூடும்போது வைக்கிறேன். அவர்கள் கேட்கப் போவது எனக்கு இப்போதே தெரியும்: எதற்கென்று சொல்லி எடுத்தார்களோ அதற்கு மட்டும்தான், வேறெதற்காவது தொட்டால் திரும்ப வந்து கேட்க வேண்டும், கட்டுரை அச்சாகும் முன் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், நோய் ஏதேனும் தெரிந்தால் அந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும், கேட்டால் குழாயைத் திருப்பித் தர வேண்டும். ஏழு நாய்க் கதையைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்லக்கூடும், அதைத்தான் முதலில் பாருங்கள் என்று சில இளைஞர்கள் சொல்லவும் கூடும்.

பாப்பாவைச் சாமை அறுவடை முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள், அதற்கு முன் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். முதல் முறை ஊசி, குழாய் எதுவும் கொண்டு வர வேண்டாம். நோட்டுப் புத்தகம் போதும். கடைசியில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லையென்றால், அதையும் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி அம்மா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வீடும் ஒரே வழிதான். மூன்றும் ஆண் பிள்ளைகள்.